விசில்காரனுக்குச் சொன்ன பதில்

காலையில் மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஐயாக்கண்ணு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். தொண்ணூற்றொன்றாம் வருடம் தை மாதத்துக்கு முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதற்குப் பிறகுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

அவர் ஏற்காட்டு மலைக்கிராமமான மஞ்சக்குட்டையைச் சேர்ந்தவர். ஏற்காடு டவுனில் அறிவியல் வாத்தியார். ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் சரஸ்வதி என்கிற சேலத்து அம்மாளின் வீட்டில் வாடகைக்கு இருந்தார். மனைவி பாவாயி ஏரிக்கரையில் பழக்கடை போட்டிருந்தாள். மகள் ராசாத்தி இரண்டாம் வகுப்பு.

ஐயாக்கண்ணுவுக்கு இருந்த ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. வீட்டில் இருந்தபடி வானலையில் ஊர் ஊராகப் பேசுகிற அந்தப் பொழுதுபோக்குக்காக அரசாங்கப் பரீட்சை எழுதி, ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறி, லைசென்ஸ் வாங்கியிருந்தார். சேலத்தில் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய உதிரிகளை வைத்து அவரே சாலிடர் வைத்துச் செய்த பெட்டி முன்னறை மேசையில் இருந்தது. அதன் ஏரியல் கம்பி வீட்டுக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்கியது. பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் அரை மணி நேரம் பேசுவார். மதுரையில் ஒரு டாக்டர், கொல்லத்தில் ஒரு பாதிரியார், ஈரோட்டில் கோவிந்தராஜ் என்கிற ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் அந்த நேரத்தில் கூடுவார்கள். கோவிந்தராஜ்தான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வைப்பார். ஐயாக்கண்ணுவின் முறை வந்தால், மலையில் பனி எப்படி, காப்பி பூத்துவிட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

அந்தப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவரும் அழுத்திவிட்டால் இரண்டு குரலும் நசுங்கி ஒன்றும் புரியாது. அதனால் மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பதுதான் அங்கே முதல் மரியாதை. தன் அழைப்புக்குறியைச் சொல்லி, தான் யார் என்று தெரிவித்துவிட்டுப் பேசுவது சட்டம்.

தை மாதத்தில் வந்தவன் இரண்டையும் மதிக்கவில்லை. ஐயாக்கண்ணு வாயைத் திறந்தால் மேலே ஒரு விசில் சத்தம் வந்து விழும். வேறு யார் பேசினாலும் வராது. முதல் வாரம் யாரோ பெட்டியைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு விசிலோடு குரலும் வந்தது. "நொம்ப சந்தோசமுங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்று ஐயாக்கண்ணு பேசுகிற மாதிரியே மூக்கால் இழுத்துப் பேசிக் காட்டியது. மலையாடு என்று கூப்பிட்டது. மலையாடு எல்லாம் மைக்கைப் பிடித்தால் மனுசன் எங்கே போவது என்று கேட்டது.

யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. விசில்காரன் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கோவிந்தராஜ் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் சொன்னார். பதில் பேசக் கூடாது, திட்டக் கூடாது, அப்படி ஒருவன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. கவனிப்பாரில்லாமல் போனால் தானே ஓய்ந்துவிடுவான் என்றார். ரயில்வேயில் முப்பது வருஷம் பயணிகளோடு மல்லுக்கட்டிய மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஐயாக்கண்ணு நம்பினார். ஒரு நாள்கூட அவர் விசில்காரனுக்குப் பதில் சொன்னதில்லை. ஆனால் அவன் ஓயவும் இல்லை. வரவர இரவில் படுத்தால் அந்த விசில் காதுக்குள் கேட்டது. பழக்கடைக்கு வரும் வெளியூர்க்காரர் யாராவது விசிலடித்தால் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. கோடைக் கூட்டம் நிறைந்திருந்த ஏற்காடு ஒரே நாளில் காலியானது. பஸ் ஓடவில்லை. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன. பாவாயியின் கூடையில் பலாச்சுளை கறுத்து அழுகியது. பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தபோது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திப் போலீஸ் சோதனை போட்டது. வாடகைக்கு இருப்பவர் பெயரையெல்லாம் கேட்டு எழுதினார்கள். வயர்லெஸ் என்கிற வார்த்தை பத்திரிகையில் தினமும் வந்தது.

அந்த வாரங்களில் காலைக் கூட்டம் மெலிந்தது. மதுரை டாக்டர் வரவில்லை. பாதிரியார் ஒரு நாள் வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்ச காலம் பெட்டியை மூடி வைப்பதாகச் சொல்லிப் போனார். கடைசியில் கோவிந்தராஜும் ஐயாக்கண்ணுவும் மட்டும் மிஞ்சிய ஒரு காலையில் விசில் வந்தது. இந்த முறை அவன் கேலி பேசவில்லை. செய்தி வாசிப்பவன் மாதிரி நிதானமாகப் பேசினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ஏற்காட்டு மலையாடு யாழ்ப்பாணத்துக்குத் தகவல் அனுப்புது. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு."

கோவிந்தராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி விட்ட சத்தம் மட்டும் டக்கென்று கேட்டது. மறுநாளிலிருந்து அவரும் வரவில்லை.

ஐயாக்கண்ணு பாவாயியிடம் சொன்னார். அவள் வெளியே போய் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, கம்பியை இறக்கிவிடலாமா என்று கேட்டாள். இறக்கினால் ஒளிக்கிற மாதிரி ஆகும் என்றார் அவர். இறக்காவிட்டால் கண்ணில் படும் என்றாள் அவள். இரண்டுமே சரியாகப் பட்டது. கம்பி அப்படியே தொங்கியது. ராசாத்தியை மட்டும் வாழவந்தியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் பாவாயி. பள்ளிக்கூடம் திறக்க நாள் இருக்கிறது, அங்கே விளையாடட்டும் என்று அவளிடம் சொன்னாள். ஜீப் ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எஸ்டேட் ஜீப் என்று தெரிந்த பிறகே மூச்சு வரும்.

அவர்கள் வந்தபோது ஐயாக்கண்ணு பழக்கடையில் இருந்தார். ஒருவருக்குப் பேரிக்காய் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாதாரண சட்டை போட்ட ஒருவர் வந்து, வாத்தியார் ஐயாக்கண்ணு நீங்கதானே என்று கேட்டார். ஆமாங்க என்றார். தராசை இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அந்த நிமிடம் தங்கள் தங்கள் கடைக்குள் ஏதோ வேலையாகக் குனிந்தார்கள்.

சேலத்திலிருந்து வந்த ஆய்வாளருக்குத் தணிகாசலம் என்று பெயர். மெல்லிய குரலில் பேசுகிறவர். அதுவே ஐயாக்கண்ணுவுக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளைப் பார்த்தார். பேசியதற்கு அடையாளமாக ஹாம்காரர்கள் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பும் அட்டைகள் அவை. ஜப்பான், ரஷ்யா, ஆஸ்திரேலியா. அதில் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. ஆய்வாளர் அதை மட்டும் நகத்தால் பெயர்த்து எடுத்தார்.

அங்கே ஒரு பெரியவரோடு இரண்டு வருடத்துக்கு முன் பேசியதாகவும், அங்கே மழையா இங்கே மழையா என்பதைத் தவிர வேறு பேசவில்லை என்றும் ஐயாக்கண்ணு சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் பொய் சொல்கிறவன் குரல் மாதிரி தனக்கே கேட்டது.

அன்று பகல் முழுவதும் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒரு அலைவரிசை எண்ணைச் சொல்லி, அதில் யாரோடு பேசுகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த எண்ணுக்குத் தன் பெட்டி போகவே போகாது என்றார். போக வைத்திருக்கலாம் இல்லையா, நீ படித்தவன்தானே என்றார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் பக்கத்து அறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவர் உடம்பு சுருங்கியது. பாவாயி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, உள்ளே விடாததால், வெளியே வேலியோரம் பொழுது சாயும்வரை நின்றிருந்தாள். அவளைப் போகச் சொல்லுங்க என்று அவர் கேட்டுக்கொண்டார். அவள் போகவில்லை.

சாயங்காலம் ஆய்வாளர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல உங்க வீட்டுக்குப் போறோம். வழக்கமா பேசற நேரத்துல, வழக்கம் போலப் பேசுங்க. யார் பதில் சொல்றாங்கன்னு நாங்க பார்க்கணும்."

அன்றிரவு ஸ்டேஷன் பெஞ்சில் ஐயாக்கண்ணு கண்ணை மூடவே இல்லை. தன்னைப் பற்றிய பயம் போய் வேறு பயம் வந்திருந்தது. தான் கூப்பிட்டு, கோவிந்தராஜ் பதில் சொன்னால்? மறுநாள் ஈரோட்டில் அவர் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். டாக்டர் பதில் சொன்னால் டாக்டர். யார் அன்பாக வணக்கம் சொல்கிறார்களோ அவர்கள் பெயர் எழுதப்படும். இத்தனை வருடம் யாராவது பதில் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மனிதர், யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டார்.

காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முன்னறையில் ஆய்வாளரும், வயர்லெஸ் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் நின்றார்கள். பாவாயி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். வீட்டுக்கார சரஸ்வதி அம்மாள் தன் ஜன்னலை அடைத்துக்கொண்டாள். ஐயாக்கண்ணு பெட்டியைப் போட்டார். இரைச்சல் எழுந்தது. தண்ணீர் குடித்தார். ஆய்வாளர் தலையசைத்ததும், யார் கேட்டாலும் பதில் சொல்லலாம் என்கிற பொது அழைப்பை ஐயாக்கண்ணு விடுத்தார்.

"சி.க்யூ, சி.க்யூ. ஏற்காட்டிலிருந்து ஐயாக்கண்ணுங்க. யாராச்சும் கேக்கறீங்களா? ஓவர்."

பொத்தானை விட்டார். இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல் அவ்வளவு இனிமையாக அதுவரை இருந்ததில்லை. இன்னொரு முறை கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டார். இரைச்சல். மூன்றாவது முறை கூப்பிட்டு விட்டபோது எங்கோ யாரோ பெட்டியை முடுக்கும் மெல்லிய முனகல் கேட்டது. வயர்லெஸ்காரர் முன்னால் குனிந்தார். வேண்டாம் சார், பேசாதீங்க சார் என்று ஐயாக்கண்ணு மனசுக்குள் கோவிந்தராஜிடம் கெஞ்சினார்.

வந்தது விசில்.

"அட, மலையாடு. இன்னுமா உன்னைய அள்ளிட்டுப் போகல?"

யார் அது என்று ஆய்வாளர் கையால் கேட்டார். பேர் தெரியாதுங்க, அஞ்சு மாசமா விசிலடிச்சு வம்பு பண்றவனுங்க என்று ஐயாக்கண்ணு கிசுகிசுத்தார். பேசு என்றார் ஆய்வாளர். அவருக்குக் கை வரவில்லை. அஞ்சு மாசம் அவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுதான் அவருடைய ஒரே தைரியமாக இருந்தது. இப்போது என்ன பேசினாலும் வாயிலிருந்து திட்டுத்தான் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும் என்று தோன்றியது.

கதவோரம் நின்ற பாவாயி மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, குடிச்சுப்போட்டுக் கடைக்கு வர்ற ஆளுககிட்ட நான் எப்படிங்க பேசறேன்? சொல்லுங்கன்னு மட்டும் சொல்லுவேன். அவிங்களே எல்லாத்தையும் கொட்டிருவாங்க. அவனைச் சொல்ல உடுங்க."

ஐயாக்கண்ணு பொத்தானை அழுத்தினார்.

"சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கறேன். ஓவர்."

போய்விட்டானோ என்று வயர்லெஸ்காரர் நிமிர்ந்தார். பிறகு குரல் வந்தது. கேலி கொஞ்சம் தடுமாறிய குரல்.

"பேசறியா நீ? இத்தனை நாளாச் செவிடன் மாதிரி இருந்தியே. இப்ப பயமா?"

"பயமாத்தானுங்க இருக்குது. என்னைய எதுக்குங்க அள்ளோணும்? நான் என்ன பண்ணினேன்? ஓவர்."

"நீ ஒண்ணும் பண்ணல. நான் பண்ணினேன். ஒரு போன் போட்டேன். யாழ்ப்பாணத்தோட பேசறான்னேன். எந்த அலைவரிசைன்னு கேட்டாங்க. வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன். இந்தச் சமயத்துல அது போதாதா?"

ஆய்வாளர் மேசையருகே வந்து, அந்த நம்பர் என்னவென்று கேட்கும்படி சைகை காட்டினார். ஐயாக்கண்ணு கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். முந்தின நாள் முழுவதும் ஸ்டேஷனில் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்த எண் அது. ஆய்வாளர் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"என் மேல உங்களுக்கு என்னங்க கோபம்?" என்று ஐயாக்கண்ணு கேட்டார். இதை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

அதற்கு அவன் பேசிய பேச்சு நீளமாக இருந்தது. கொஞ்சம் இரைச்சலில் போயிற்று. புதிதாக வந்த காலத்தில் தான் கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்பவில்லை என்றான். ஒரு நாள் குறுக்கே பேசிவிட்டதற்காக எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள் என்றான். மலையிலிருந்து வந்த ஒருத்தன், ஒழுங்காகப் பேச்சுக்கூட வராதவன், அவனை மட்டும் வாத்தியார் சார், வாத்தியார் சார் என்று கொண்டாடுகிறார்கள் என்றான். கேட்கக் கேட்க எரிந்ததாம். பேசி முடித்துவிட்டு, நாளைக்கும் வருவியா என்று கேட்டான்.

ஆய்வாளர் திரும்பி, வருவேன் என்று சொல்லச் சொன்னார்.

பெட்டியை அணைத்த பிறகு ஐயாக்கண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை விட்டுவிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை, விட்டுவிட்டோம் என்று அவர்களும் சொல்லவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டுப் போனார்கள். மத்தியானம் ஆய்வாளர் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். ஐயாக்கண்ணு மேல் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் பொய்த் தகவல் கொடுத்தவனைப் பிடிக்க வேண்டும். அலை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற வண்டி ஒன்று உண்டு. அதற்கு அவன் தினமும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச வைப்பது ஐயாக்கண்ணுவின் வேலை.

அந்த வாரம் முழுவதும் அதே வேலைதான். ஒவ்வொரு காலையிலும் பெட்டி முன் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டார். அவன் ஒவ்வொரு காலையிலும் வந்தான். முதலில் திட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் திட்டு குறைந்தது. அதற்கடுத்த நாள் விசிலே இல்லை. உங்க பக்கம் மழையா என்று கேட்டான். தன் பெட்டியில் ஒரு பாகம் சூடாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். ஐயாக்கண்ணு நிதானமாக வழி சொன்னார். அவன் அதை அப்போதே செய்து பார்த்துவிட்டு, இப்போது பரவாயில்லை, நன்றி என்றான். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் இன்னும் பேச விடுங்க என்று விரலைச் சுழற்றினார். பயமாக இருந்தது. போலீஸ் பக்கத்தில் இருப்பதை அவன் கண்டுபிடித்துவிட்டு இங்கே வந்து நிற்பானோ என்கிற பயம். அவன் பிடிபடாமலே போனால் தன் கதி என்ன என்கிற பயம். அவற்றோடு, தான் ஒரு மனுசனைப் பேச்சுக் கொடுத்துப் பொறிக்குள் இழுக்கிறோம் என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. இரவு அதை பாவாயியிடம் சொன்னபோது அவள், "உங்களைய இழுத்து உட்டது அவன்தானுங்களே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கும் அது பிடிக்கவில்லை என்றாள்.

ஒரு காலையில் அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றது. கதவு தட்டும் சத்தம் பின்னால் கேட்டது. இருங்க, யாரோ வந்திருக்காங்க என்றான். அதன் பிறகு இரைச்சல் மட்டும்.

ஐயாக்கண்ணு வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் போலீஸ்காரரே கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார்.

குரலை அடையாளம் காட்ட அவரைச் சேலத்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வாந்தி வந்தது. பிறந்ததிலிருந்து அந்த வளைவுகளில் போய்வருகிறவருக்கு வாந்தி வந்தது அதுதான் முதல் தடவை. அலுவலகத்து வராந்தாவில் ஒரு பெண் மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் யார் என்று யாரும் சொல்லவில்லை. ஐயாக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார்.

உள்ளே ஒரு மறைப்புக்குப் பின்னால் அவரை நிறுத்தினார்கள். மறுபுறம் இருந்தவன் பெயர் கமலக்கண்ணன், ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் நேரக் காப்பாளர், லைசென்ஸ் உள்ளவன்தான் என்று ஆய்வாளர் சொன்னார். அவனைப் பேசச் சொன்னார்கள். பேர், ஊர் எல்லாம் சொன்னான். ஐயாக்கண்ணுவுக்கு உண்மையிலேயே சந்தேகமாக இருந்தது. அந்தக் குரலில் பாதி காற்றாக இருந்தது. ரேடியோவில் பேசின மாதிரி பேசு என்று யாரோ அதட்டினார்கள். மறுபடி அதட்டினார்கள்.

"மலையாடுங்க" என்றான் அவன்.

அந்த 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அதில் கேலி இல்லை, மூக்கிழுப்பு இல்லை. ஐயாக்கண்ணு அதே மாதிரி ஸ்டேஷனில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். இல்லைங்க, தெரியாதுங்க, மழையைப் பத்தித்தானுங்க. இந்த ஆள் மாட்டினால் எப்படி இருக்கும் என்று அவர் பல தடவை நினைத்துப் பார்த்திருந்தார். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவன்தானா என்று ஆய்வாளர் கேட்டார்.

"அவருதானுங்க" என்றார் ஐயாக்கண்ணு. பிறகு, போகத் திரும்பிய ஆய்வாளரை நிறுத்தினார். "ஐயா, சொல்லறதுக்குப் பயமாத்தான் இருக்குது. அவரு பண்ணினது பொய்யும் திமிரும்தானுங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. அந்தப் புலி சமாச்சாரத்தை மட்டும் அவரு தலைல கட்டிராதீங்க. ஒரு பகல் அப்படி உக்காந்திருந்தவனுங்க நான்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், வாத்தியாரே. ஊருக்குப் போங்க."

கமலக்கண்ணன் மேல் பொய்த் தகவல் கொடுத்ததற்காக மட்டும் வழக்குப் போட்டதாகப் பிறகு தெரிந்தது. லைசென்ஸ் போயிற்று. ஆலை வேலையும் போயிற்று என்று சிலர் சொன்னார்கள். இல்லை, அவனே விட்டுவிட்டான் என்றும் சொன்னார்கள். ஐயாக்கண்ணு விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஏற்காட்டில் எல்லாம் சகஜமாக ஆக நாள் பிடித்தது. சரஸ்வதி அம்மாள் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்து, பாவாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் ஒரு மாதம் அவரோடு தனியாகப் பேசுவதைத் தவிர்த்தார். பழக்கடை மட்டும் பழையபடி நடந்தது. ராசாத்தி வாழவந்தியிலிருந்து திரும்பி வந்து, பெட்டி எங்கே அப்பா என்று கேட்டாள். ரிப்பேருக்குப் போயிருக்கு கண்ணு என்றார்.

விசாரணைக்காக எடுத்துப் போன பெட்டி அடுத்த வருடம் மாசி மாதம்தான் திரும்பி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. அவர் அதைச் சரி செய்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு மாதம் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். ஈரோட்டிலிருந்து கோவிந்தராஜ் பஸ் ஏறி நேரிலேயே வந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை அணைத்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க பேசியிருந்தா உங்களையும் சேர்த்து இழுத்திருப்பாங்க சார் என்றார் ஐயாக்கண்ணு. அவனை ஆரம்பத்திலேயே யாராவது கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்க வேண்டுமோ என்று கோவிந்தராஜ் கேட்டார். பேசியிருந்தால் திருந்தியிருப்பான் என்று ஐயாக்கண்ணுவால் நம்ப முடியவில்லை. இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஏரி பார்க்கப் போனார்கள்.

அவர் இப்போதும் காலையில் பேசுகிறார். புதுக்குரல் ஏதாவது குறுக்கே வந்து முரட்டுத்தனமாகப் பேசினால் அவர் முதலில் இன்னொரு வாய் தண்ணீர் குடிப்பார். கொஞ்சம் பொறுத்து, உங்க பேர் என்னங்க, எந்த ஊருங்க என்று கேட்பார். சிலர் சொல்வார்கள். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் அவரும் பேசுவதில்லை. கடைக்குப் போகக் கூடையைத் தூக்கும் பாவாயி, அவர் முதல் அழைப்பை முடித்துப் பொத்தானை விடும்வரை வாசற்படியில் நிற்பாள். இரைச்சலுக்குள்ளிருந்து தெரிந்த குரல் ஒன்று வணக்கம் சொன்ன பிறகுதான் படி இறங்குவாள்.